நீரடி ஒளியிழைக் கேபிளில் பழுது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கும், காரணத்திலிருந்து சரியான கேபிளுக்கும்

நீருக்கடியில் கிடக்கும் ஒளியிழைக் கேபிள் பழுதானால், கெட்ட பகுதியை வெட்டியெறிந்துவிட்டு, பழைய ஆவணத்தில் எழுதியிருக்கும் அதே வகைக் கேபிளை வாங்கிப் போடுவதே பெரும்பாலும் நடக்கிறது. காரணம் ஆராயப்படாததால், புதிய கேபிளும் அதே இடத்தில் அதே விதமாகக் கெட்டுப்போகிறது. ஒவ்வொரு பழுதும் அந்தக் கேபிளின் தேர்வில் எந்தத் தேவை விடுபட்டது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. ஆகவே இந்த வழிமுறை, திரையிலும் கையிலும் தெரியும் அறிகுறியில் தொடங்கி, அதன் காரணத்தைக் கண்டறிந்து, அடுத்து வாங்கும் கேபிளில் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதுவரை செல்கிறது.

எதையும் வெட்டுவதற்கு முன்

கேபிளுக்குள் மின்கடத்தி இருக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். இடைப்பெருக்கிகளுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் கடலடிக் கேபிள்களில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கக்கூடும். நீரடி ரோபோவை மேலேயுள்ள கப்பலோடு பிணைக்கும் டெதர் கேபிள்களிலும் உயரழுத்த மின்சாரம் ஓடுவது வழக்கம். மின்சாரத்தைத் துண்டித்து, கடத்தியை நிலத்தோடு இணைத்த பின்னரே கேபிளைத் தொட வேண்டும். இழையின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே கூடாது. 1310, 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைச் சேதப்படுத்தக்கூடும்.

அடுத்து அளவீடு. இழைக்குள் ஒளித்துடிப்பை அனுப்பி, திரும்பிவரும் ஒளியைக் கொண்டு தூரத்துக்குத் தூரம் இழப்பை வரைகோடாகக் காட்டும் ஓடிடிஆர் கருவியால் 1310, 1550 ஆகிய இரண்டு அலைநீளங்களிலும், இயன்றால் 1625 நானோமீட்டரிலும், கேபிளின் இரு முனைகளிலிருந்தும் அளந்து, கேபிளைப் போட்ட நாளில் சேமித்த வரைகோட்டோடு ஒப்பிட வேண்டும். ஒரே அலைநீளத்தில் மட்டும் அளந்துவிட்டு முடிவுக்கு வருவதுதான் இந்த வேலையில் நான் அதிகம் காணும் குறை. வளைவா, அழுத்தமா, ஹைட்ரஜனா என்று பிரித்துச் சொல்வது அலைநீளங்களுக்கு இடையிலான வேறுபாடே. சாதாரண ஒற்றைமுறை இழையில் கிலோமீட்டருக்கு 1310-இல் சுமார் 0.35 டெசிபெல்லும், 1550-இல் சுமார் 0.20 டெசிபெல்லும் இழப்பு இருக்கும். இந்த இரண்டு எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் வரைகோட்டின் சாய்வைப் பார்த்தவுடனேயே மாற்றம் புலப்படும். கருவிக்கும் கேபிளுக்கும் நடுவே சில நூறு மீட்டர் நீளமுள்ள முன்னிழையை இணைக்காவிட்டால், முதல் கனெக்டரில் உள்ள பழுது, கருவியை ஒட்டி எதையும் அளக்க முடியாத குருட்டுப் பகுதிக்குள் மறைந்துபோகும்.

தூரக் கணக்கில் இன்னொரு கவனம் வேண்டும். கருவி காட்டுவது இழையின் நீளத்தை; கடலில் தேட வேண்டியது கேபிளின் நீளத்தை. தளர்குழாய்க்குள் இழை சற்று மிகுதியாகவும், குழாய்கள் மையத்தைச் சுற்றி முறுக்கியும் வைக்கப்படுவதால், இழை எப்போதும் கேபிளைவிட நீளமாகவே இருக்கும். இந்த மிகுதி 2 விழுக்காடு என்றால், 5 கிலோமீட்டரில் 100 மீட்டர் பிசகும். உற்பத்தியாளரிடமிருந்து இந்த விகிதத்தையும் இழையின் ஒளிவிலகல் எண்ணையும் கேட்டு, கருவியில் பதிந்துகொள்ள வேண்டும்.

அறிகுறி: எல்லா இழைகளும் ஒரே தூரத்தில் நின்றுபோகின்றன

இது அறுப்பு. காற்றில் நேராக உடைந்த இழையின் முனையில் ஏறக்குறைய 3.5 விழுக்காடு ஒளி எதிரொளிக்கும். அதே முனை நீரில் இருந்தால் அது கால் விழுக்காடு அளவுக்குக் குறைந்துவிடும், ஏனெனில் நீரின் ஒளிவிலகல் எண் கண்ணாடிக்கு மிக அருகில் இருக்கிறது. ஆகவே வரைகோட்டின் முடிவில் உயரமான முகடு இல்லாததைப் பார்த்து ‘இது உடைவாக இருக்காது, வளைவாக இருக்கும்’ என்று நினைத்துவிடக் கூடாது. நொறுங்கிய முனையில் அந்தச் சிறு முகடும் இராது.

கேபிளை மேலே எடுத்த பிறகு, அவசரமாக இழைகளைப் பற்றவைத்து இணைக்கப் போகாமல், அறுந்த கவசக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். கம்பியின் முனை இடுப்புச் சிறுத்து, ஒரு பக்கம் கிண்ணம்போலவும் மறுபக்கம் கூம்புபோலவும் இருந்தால், அது இழுவிசையில் அறுந்தது. நங்கூரமோ மீன்பிடி வலையோ மாட்டி இழுத்திருக்கிறது. கம்பி ஒரு பக்கம் மட்டும் தட்டையாகத் தேய்ந்து பளபளத்தால், கேபிள் பாறைமேல் தொங்கியோ அலையில் உரசியோ தேய்ந்திருக்கிறது. முனை பழுப்புக் குழிகளோடு ஊசிபோல் மெலிந்திருந்தால், துரு தின்ற பிறகு சாதாரண இழுவையே அதை அறுத்திருக்கிறது.

இந்த மூன்றுக்கும் மாற்று வேறுவேறு. இழுவிசைக்குக் கேபிளை இன்னும் தடிமனாக்குவது மட்டும் போதாது. கப்பலின் நங்கூரத்தைத் தாங்கும் கேபிள் என்று ஒன்று நடைமுறையில் இல்லை. இரட்டைக் கவசம் சிறிய வலைகளிலிருந்து காக்கும். பெரிய ஆபத்திலிருந்து காப்பது கடற்படுகைக்குள் புதைப்பதும் தடத்தை மாற்றுவதும்தான். தேய்மானத்துக்கு, அலை மோதும் கரைப்பகுதியில் இரண்டு பாதிகளாகப் பூட்டும் வார்ப்பிரும்புக் குழாயை அணிவிப்பதும், கேபிள் அந்தரத்தில் தொங்காதபடி தடத்தை அமைப்பதும் பயன் தரும். துருவுக்கு, கவசக் கம்பிகளின் துத்தநாகப் பூச்சின் கனத்தையும், அவற்றுக்கிடையில் தார்க்கலவை நிரப்பப்பட்டிருக்கிறதா என்பதையும், மேலே பாலிப்ரொப்பிலீன் நூல் சுற்றா, முழு மேலுறையா என்பதையும் கேட்டறிய வேண்டும். உலகெங்கும் கடலடித் தொலைத்தொடர்புக் கேபிள்களுக்கு நேரும் சேதத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மீன்பிடியாலும் நங்கூரத்தாலும் வருவது. சுறாக்கடி பற்றி அதிகம் பேசப்பட்டாலும், அதன் பங்கு மிகமிகச் சிறியது.

அறிகுறி: 1310-இல் சரியாக இருக்கிறது, 1550-இல் ஓரிடத்தில் படி இறங்குகிறது

அலைநீளம் கூடக்கூட இழப்பும் கூடி, 1625-இல் இன்னும் மோசமாகத் தெரிந்தால், அது அந்த இடத்தில் உள்ள கூர்வளைவு. முதலில் பார்க்க வேண்டிய இடங்கள்: கேபிள் கனெக்டருக்குள் நுழையும் கழுத்து, கட்டமைப்போடு பிணைத்த கவ்விகள், கப்பலின் உருளை, நீரடிப் பெட்டிக்குள் சுருட்டி வைத்த மிகுதி இழை. கேபிள் இழுவிசையில் இருக்கும்போது அதன் விட்டத்தைப்போல் 20 மடங்கு, சும்மா கிடக்கும்போது 10 மடங்கு ஆரத்துக்குக் குறையாமல் வளைக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். உற்பத்தியாளர் தந்த எண் வேறாக இருந்தால் அதுவே செல்லும்.

கடற்படுகையின் நடுவே, கவ்வி எதுவும் இல்லாத இடத்தில் இந்தப் படி தெரிந்தால், முறுக்குக் கண்ணி விழுந்திருக்கக்கூடும். ஒற்றை அடுக்குக் கவசக் கம்பிகள் இழுவிசையில் தம் சுற்றை அவிழ்க்கப் பார்க்கும். இழுவை திடீரென்று தளரும்போது தேங்கிய முறுக்கு, கேபிளைக் கண்ணியாகச் சுருட்டிவிடும். அந்தக் கண்ணியை மீண்டும் இழுத்தால் அது இறுகி இழையை உடைக்கும். இதே பழுது திரும்பத் திரும்ப வந்தால், எதிரெதிர்த் திசையில் சுற்றிய இரண்டு அடுக்குகள் கொண்ட, முறுக்குச் சமன் செய்யப்பட்ட கேபிளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இங்கே ஒரு கருத்தை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். வளைவு இழப்பு வந்தவுடன், வளைவு தாங்கும் ஜி.657 வகை இழைக்கு மாறச் சொல்வது எளிய பரிந்துரை. அது அரை உண்மை மட்டுமே. ஜி.657.ஏ2 இழை 7.5 மில்லிமீட்டர் ஆரத்திலும் ஒளியை அதிகம் சிந்தாமல் கொண்டுசெல்லும். ஆனால் 125 மைக்ரான் தடிமனுள்ள கண்ணாடி அந்த ஆரத்தில் வளையும்போது அதன் வெளிவிளிம்பு 0.83 விழுக்காடு நீட்சி அடைகிறது. இழைகள் பொதுவாகத் தொழிற்சாலையில் சோதிக்கப்படுவதே 1 விழுக்காடு நீட்சிக்குத்தான். நீண்ட காலத்துக்கு 0.2 விழுக்காட்டுக்குள் நீட்சியை வைத்திருக்கவே கேபிள் வடிவமைப்பாளர்கள் பலர் விரும்புகிறார்கள். நீட்சியும் ஈரமும் சேர்ந்தால் கண்ணாடியின் மேற்பரப்பிலுள்ள நுண்விரிசல்கள் மெல்ல வளர்ந்து, ஒருநாள் முன்னறிவிப்பின்றி இழை முறியும். சாதாரண இழை இழப்பைக் காட்டி எச்சரித்திருக்கும் இடத்தில், வளைவு தாங்கும் இழை எதையும் காட்டாமல் இருந்துவிடும். வளைவைச் சரிசெய்துவிட்டு, அதன் பிறகு ஜி.657 இழையைக் கூடுதல் பாதுகாப்பாகக் கொள்வதே சரி.

அறிகுறி: கேபிளை இறக்க இறக்க இழப்பு ஏறுகிறது, மேலே எடுத்தால் குறைகிறது

ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கூடுகிறது. 1000 மீட்டரில் 100 பார். கேபிளுக்குள் காற்றிடைவெளிகள் இருந்தால், அழுத்தம் மேலுறையை அவற்றுக்குள் அமுக்கி, இழைமேல் சீரற்ற நுண்வளைவுகளை உண்டாக்கும். கூர்வளைவைப்போல் அலைநீளத்தைப் பெரிதாகச் சார்ந்திராமல், இந்த இழப்பு 1310, 1550 இரண்டிலும் எழும். ஓரிடத்தில் படியாக இறங்காமல், ஆழமான பகுதி முழுவதும் சாய்வு கூடித் தெரியும். தரைக்கென்று செய்த, இறுக்க உறையும் அராமிட் என்னும் வலுவான செயற்கை நூலும் மட்டும் கொண்ட கேபிளை நீரில் போட்டவர்களுக்கு இந்த அனுபவம் கட்டாயம் கிடைக்கும். இடைவெளியில்லாமல் முழுவதும் நிரப்பிய கேபிளையோ, ஜெல் நிரப்பிய துருப்பிடிக்காத எஃகுக் குழாய்க்குள் இழை வைக்கப்பட்ட கேபிளையோ கேட்டு வாங்க வேண்டும். ஆழ எண்ணை விளம்பரத் தாளிலிருந்து எடுக்காமல், அழுத்தத் தொட்டியில் வைத்து, இழப்பை அளந்தபடியே செய்த சோதனையின் அறிக்கையைக் கேட்க வேண்டும். அழுத்தத்தைத் தாங்கி உடையாமல் இருப்பதும், அழுத்தத்தில் இழப்பு ஏறாமல் இருப்பதும் இரண்டு தனித்தனித் தகுதிகள்.

அறிகுறி: மாதக்கணக்கில், நீளம் முழுவதும் இழப்பு மெல்ல ஏறுகிறது

எல்லா அறிகுறிகளிலும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுவே. எங்கும் உடைவில்லை, வளைவில்லை, பற்றவைப்புகள் சரியாக இருக்கின்றன; ஆனால் ஒவ்வொரு அளவீட்டிலும் வரைகோட்டின் சாய்வு முன்பைவிடச் சற்றுச் செங்குத்தாகிறது. கருவி கெட்டுவிட்டது என்று அதை மாற்றிப் பார்ப்பார்கள், ஒளிமூலத்தின் திறனைக் கூட்டுவார்கள். உண்மையான காரணம் பெரும்பாலும் ஹைட்ரஜன்.

உப்புநீரில் துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பியும் வேறொரு உலோகமும் தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே ஒரு மின்கலமே உருவாகிவிடுகிறது. துத்தநாகம் கரைய, ஹைட்ரஜன் வெளிவருகிறது. இந்த மிகச்சிறிய மூலக்கூறு பாலிஎத்திலீனையும் ஜெல்லையும் இழையின் அக்ரிலேட் பூச்சையும் ஊடுருவிக் கண்ணாடிக்குள்ளேயே போய்விடும். அங்கே அது இரண்டு விதமாக ஒளியை விழுங்குகிறது. மூலக்கூறாகவே தங்கினால், 1240 நானோமீட்டரையொட்டி ஒரு முகடும், 1550-க்கு அப்பால் ஏறிச்செல்லும் இழப்பும் தெரியும். ஹைட்ரஜனின் மூலத்தை நீக்கினால் அது மெல்ல வெளியேறி, இழப்பும் குறையும். கண்ணாடியோடு வேதிவினை புரிந்து ஹைட்ராக்சில் ஆகிவிட்டால், 1383 நானோமீட்டரில் முகடு எழும். அது நிரந்தரம், கேபிளை மாற்றுவதைத் தவிர வழியில்லை. ஆகவே இந்தச் சந்தேகம் எழுந்தவுடன் அலைநீள வாரியாக இழப்பை அளக்கும் நிறமாலைச் சோதனையைச் செய்ய வேண்டும். 1240-இல் மட்டும் முகடு இருந்தால் காப்பாற்ற அவகாசம் உண்டு; 1383-உம் வளர்ந்திருந்தால் மாற்றுக் கேபிளுக்குத் திட்டமிடத் தொடங்க வேண்டும்.

கேபிளின் ஒரு துண்டு கைக்குக் கிடைத்தால் மேலுறையைப் பிரித்துப் பார்க்கலாம். கவசக் கம்பிகளின் இடுக்கில் மாவுபோல் வெண்பொடி படிந்திருக்கிறதா, கம்பிகளின் சாம்பல்நிறப் பளபளப்பு போய்ப் பழுப்பு எட்டிப்பார்க்கிறதா என்று கவனிக்க வேண்டும். வெண்பொடி என்பது கரைந்த துத்தநாகம். அது இருக்கும் இடத்தில் ஹைட்ரஜன் பிறந்திருக்கிறது.

அடுத்த கேபிளுக்கான தேர்வு இங்கே தெளிவானது. நீளவாக்கில் லேசரால் பற்றவைத்து முழுவதும் மூடிய உலோகக் குழாய் வேண்டும். மேற்கவிந்து ஒட்டிய உலோகப் பட்டை போதாது. குழாய்க்குள் ஹைட்ரஜனை உறிஞ்சும் ஜெல் வேண்டும். கேபிளின் உலோகங்கள் நீரில் ஒன்றையொன்று தொடாதபடி இடையில் பிளாஸ்டிக் அடுக்கு வேண்டும். மிகக் கடுமையான இடங்களுக்குக் கார்பன் பூசிய இழையைக் கேட்கலாம். எஃகுக் குழாயைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு: மேலுறை கிழிந்து, தேங்கிய உப்புநீர் அதன்மேல் நின்றால் துருப்பிடிக்காத எஃகும் குழிவிழுந்து ஓட்டையாகும். எனவே குழாயைக் காக்கும் மேலுறையைக் கீறலின்றிப் பேணுவதும் தேர்வைப்போலவே முக்கியம்.

அறிகுறி: அலை அடிக்கும்போதும் கேபிள் அசையும்போதும் இணைப்பு விட்டுவிட்டு வருகிறது

படுகையில் கிடப்பதற்குச் செய்த கேபிளை அசையும் வேலைக்குப் போட்டால் இப்படித்தான் ஆகும். எஃகுக் கவசமும் கடினமான பாலிஎத்திலீன் மேலுறையும் ஆயிரக்கணக்கான முறை வளைவதற்கு ஏற்றவை அல்ல. மிதவையிலிருந்து இறங்கும் கேபிளுக்கும் ரோபோவின் டெதருக்கும் அராமிட் பின்னலும் மென்மையான பாலியூரித்தேன் மேலுறையும் கொண்ட, வளைவுச் சுழற்சிச் சோதனைக்கு உட்பட்ட கேபிள் வேண்டும். அறிகுறி வரும்போது கேபிளை மெதுவாகக் கையில் ஓடவிட்டு, உட்பகுதி தொய்ந்து மென்மையான இடங்களைத் தேட வேண்டும். கனெக்டருக்குப் பின்னால் கேபிள் வளையத் தொடங்கும் இடத்திலேயே பெரும்பாலும் அது அகப்படும். அங்கே படிப்படியாக விறைப்புக் குறையும் வளைவுத் தடுப்பான் இல்லையென்றால், எந்தக் கேபிளைப் போட்டாலும் அதே இடத்தில்தான் உடையும்.

அறிகுறி: கனெக்டரைத் துடைத்தால் சரியாகிறது, சில நாளில் மீண்டும் கெடுகிறது

முதலில் பச்சைநிற ஏபிசி கனெக்டரும் நீலநிற யூபிசி கனெக்டரும் தவறுதலாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து விலக்க வேண்டும்; 8 பாகை சாய்ந்த முகமும் நேர் முகமும் பொருந்தாது. அது இல்லையெனில் ஈரம் உள்ளே வருகிறது. நீர் காய்ந்த பிறகு இழைமுகத்தில் தங்கும் உப்புத் துகள்களே உண்மையான தொல்லை. அவை கண்ணாடி முகங்கள் தொடாமல் தடுப்பதோடு கீறவும் செய்யும். கனெக்டரைக் கழற்றுமுன் நன்னீரால் கழுவி, வெளிப்புறத்தை முழுவதும் உலர்த்த வேண்டும். பிறகு நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை விரலால் தடவிப் பார்க்க வேண்டும்: ஒரு தலைமுடி குறுக்கே கிடந்தாலும், ஒரு மணல்துகள் பள்ளத்தில் இருந்தாலும், அழுத்தத்தில் நீர் அந்த வழியே நுழையும்.

நீர் புகாத் தரத்தைச் சொல்லும் ஐபி68 என்ற குறியை மட்டும் நம்பி வாங்கிய கனெக்டர்களில் இந்தப் பழுது அதிகம். ஐபி67 என்பது 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். ஐபி68 என்பது அதைவிடக் கடுமையான, உற்பத்தியாளரும் பயனரும் ஒப்புக்கொண்ட நிபந்தனை. எத்தனை மீட்டர், எத்தனை நாள் என்று எழுத்தில் இல்லாத ஐபி68 எதையும் உறுதிசெய்வதில்லை.

கட்டமைப்பு துருப்பிடிக்காமலிருக்கத் தாம் கரைந்து அதைக் காக்கும் துத்தநாக அல்லது அலுமினியப் பலிமுனைகள் பொருத்தப்பட்டிருந்தால், கனெக்டரின் உலோக உடலும் ரப்பர் வார்ப்பும் ஒட்டிய விளிம்பைக் கூர்ந்து பார்க்க வேண்டும். இப்படி எதிர்மின் பாதுகாப்பில் உள்ள உலோகப் பரப்பில் உருவாகும் காரம், அந்த ஒட்டைப் படிப்படியாக உரித்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாமல் நீர் உள்ளே ஏறும். கட்டமைப்பிலிருந்து மின்காப்புச் செய்த உடலோ, உலோகமல்லாத உடலோ கொண்ட கனெக்டரே இதற்கு மாற்று. அடிக்கடி கழற்றி மாட்ட வேண்டிய, சேறு படியும் இடங்களில், முகங்கள் தொடாமல் வில்லைகள் வழியே ஒளியை விரித்து அனுப்பும் கனெக்டர்கள் நன்றாக உழைக்கும். சற்றுக் கூடுதல் இழப்பை ஏற்றுக்கொள்ள இணைப்பில் இடம் இருக்கிறதா என்று மட்டும் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். நீருக்குள்ளேயே மாட்டிக் கழற்ற வேண்டுமென்றால் அதற்கென்றே செய்த வகை தேவை. மேலே மாட்டி இறக்கும் வகையை நீருக்குள் கழற்றினால் அது அத்தோடு முடிந்தது.

அறிகுறி: கரைப்பெட்டிக்குள் நீர் சொட்டுகிறது, காயமோ வெகு தூரத்தில்

அராமிட் நூல் திரியைப்போல் நீரை உறிஞ்சி நீளவாக்கில் கொண்டுசெல்லும். அழுத்தமும் சேர்ந்தால் நீர் வெகுதூரம் ஓடும். பழுதான இடத்திலிருந்து ஒவ்வொரு மீட்டராக வெட்டி, நூலைப் பிரித்து வெள்ளைத் தாளில் அழுத்திப் பார்க்க வேண்டும். தாள் உலர்ந்தே இருக்கும் இடம்வரை வெட்டிய பிறகுதான் பற்றவைக்கலாம். நீர் பட்டவுடன் உப்பி வழியை அடைக்கும் நாடாக்கள் நன்னீரில் சிறப்பாக வேலை செய்தாலும், உப்புநீரில் மிகக் குறைவாகவே உப்புகின்றன. வழக்கமான நீர்ப்புகுதல் சோதனை 1 மீட்டர் நீருயரத்தில் 24 மணி நேரம் செய்யப்படுவது. கடலுக்கு அது போதாது. உப்புநீரில், கேபிள் இருக்கப்போகும் ஆழத்தின் அழுத்தத்தில் செய்த சோதனையைக் கேட்க வேண்டும்.

அறிகுறி: மேலுறை பிசுபிசுக்கிறது, வெடிக்கிறது, அல்லது கேபிள் மிதக்கிறது

பிசுபிசுப்பும் வெடிப்பும் பாலியெஸ்டர் வகைப் பாலியூரித்தேனின் அடையாளம். நீர் அதன் பிணைப்புகளையே அறுக்கிறது. பாலியீத்தர் வகையே நீருக்கு ஏற்றது. விற்பனைத் தாளில் வெறுமனே ‘பாலியூரித்தேன்’ என்று மட்டும் இருந்தால் எந்த வகை என்று எழுதி வாங்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில் நெடுநாள் கிடக்கும் கேபிளில் உள்ளிருக்கும் பிபிடி என்னும் பிளாஸ்டிக்கால் ஆன தளர்குழாய்களும் இவ்வாறே நொறுங்கும்.

பாலிஎத்திலீன் நீரைவிட இலேசானது. கவசமில்லாத கேபிள் படுகையில் நிலைக்காமல் நீரோட்டத்தில் அலைந்து தேய்வதற்கு இதுவே காரணம். நன்னீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால் கடல்நீரின் அடர்த்தி சுமார் 1.025. நிலையாகக் கிடக்க வேண்டிய கேபிள் இதைவிட நன்றாகவே கனமாகவும், ரோபோவோடு நீந்த வேண்டிய டெதர் இதற்கு மிக அருகிலும் இருக்க வேண்டும். நன்னீரில் சமநிலையில் நிற்கும் டெதர் கடலில் மிதக்கும் என்பதால், எந்த நீருக்கென்று சொல்லியே வாங்க வேண்டும்.

வாங்கும் கடிதத்தில் எழுத வேண்டியவை

மிகுந்த ஆழம், நீரின் உப்புத்தன்மை, வெப்பநிலை வரம்பு, கேபிள் கிடக்குமா அசையுமா, படுகை மணலா பாறையா, அருகில் என்னென்ன உலோகங்களும் பலிமுனைகளும் உள்ளன, எத்தனை ஆண்டு உழைக்க வேண்டும் ஆகியவற்றோடு, முந்தைய கேபிள் எந்த அறிகுறியோடு கெட்டது என்பதையும் எழுத வேண்டும். இந்தக் கடைசி வரியைப் பலர் எழுதுவதில்லை, ஆனால் வடிவமைப்பாளருக்கு அதுவே அதிகம் உதவும். முழு நீளத்துக்கும் பணம் கட்டுமுன் சில மீட்டர் மாதிரியைக் கேட்டுப் பெற்று, அதன் ஒரு முனையைத் தாமே பிரித்து, குழாய் மூடியிருக்கிறதா, இடைவெளிகள் நிரம்பியிருக்கின்றனவா, கம்பிகள் எத்திசையில் சுற்றியிருக்கின்றன என்று பார்ப்பது நல்லது. மறு பாதியை உலர்ந்த இடத்தில், போட்ட நாளின் இருமுனை வரைகோடுகளோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த பழுதின்போது ஒப்பிடுவதற்கு நீர் படாத துண்டு அது ஒன்றே.